சைக்கிளுக்கு ஒரு கண்ணாடி

ஜூன் 5, வியாழன்

மருந்துக்கடை அக்கா இன்று வண்டியை நடைபாதையில் ஏற்றினார். ஏற்றியதோடு விடவில்லை. "ரோட்டை யாரு மாஸ்டர் இவ்வளவு மேடா போட்டது?" என்று என்னிடமே கோபப்பட்டார். நல்லவேளை, என் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுநர் பயிற்சி வண்டிகளில் அப்படித்தான். வலது பக்கம் ஓட்டுகிறவருக்கு எல்லாம் இருக்கும். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் மாஸ்டருக்கு ஒரு பிரேக், பின்னால் பார்க்க ஒரு கண்ணாடி. என் உத்தியோகமே அந்த இரண்டும்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை "கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி, இப்போது பல் தேய்க்கும்போதுகூட வாய் அதையே முணுமுணுக்கிறது.

நாளை மறுநாள் சனி. மகளைப் பார்க்கிற நாள். வியாழக்கிழமையே சனிக்கிழமைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டேன். டெஸ்டுக்குப் போகிறது நானா, அக்காவா?

ஜூன் 7, சனி

குடும்ப நீதிமன்றத்தின் மாடியில் சந்திப்பு அறை என்று ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, மூலையில் கவுன்சலருக்கு ஒன்று. பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள். கூரை இடித்துவிட்டதால் கழுத்தைப் பாதியில் மடக்கிவிட்டார்கள். பாவம், அதுவும் யாரையோ பார்க்க வந்து மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கிறது.

சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு. விவாகரத்து ஆன புதிதில் இப்படி இல்லை. வெளியே கூட்டிப்போகலாம், என் இடத்துக்கு அழைத்துவரலாம் என்றுதான் உத்தரவு. அப்புறம் ஒரு மனு வந்தது: பிள்ளை என் வண்டியில் ஏறப் பயப்படுகிறாளாம். கண்டவர்கள் ஓட்டிப் பழகுகிற வண்டியாம். நடக்கத் தெரியாத காலத்திலிருந்து அந்த வண்டியின் பின்சீட்டில் வாயைப் பிளந்து தூங்கியவள்! பயம் எப்போது வந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று மனுவில் இல்லை.

கீழே மச்சான் அவளை இறக்கிவிட்டான். சட்டப்படி அவன் இப்போது எனக்கு மச்சான் இல்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தீர்ப்பில் எழுதவில்லை. அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே நான். என்னைப் பார்த்ததும் வீராப்பாகக் கிளப்பினான். கிளட்சைப் பொத்தென்று விட்டான். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது. அந்தக் குதிக்கும் நான்தான் பொறுப்பு.

"வா பொட்டலம்" என்றேன். பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றி நீட்டியதிலிருந்து அதுதான் பெயர்.

"அப்படிக் கூப்பிடாதீங்க."

கூப்பிடாதீங்க. போன வருஷம் வரை "அப்பா, நீ சும்மா இரு" என்றுதான் சொல்வாள். இப்போது மரியாதை. இவ்வளவு மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஸ்கூல் எப்படி? நல்லா இருக்கு. சாப்பிட்டியா? சாப்பிட்டேன். கணக்கு? பரவாயில்ல. "வெரி குட்" என்றேன். எதற்கு வெரி குட்? கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு, "நான் போகலாமா?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை, கவுன்சலரிடம்.

அவள் போன பிறகு கவுன்சலர் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. நீங்க கேள்வியா கேட்டுட்டே இருக்கீங்க. அவ பதில் சொன்னதும் மார்க் போடறீங்க."

கோபம் வரவில்லை. என்ன செய்ய, அந்த அம்மா சொன்னது சரி.

ஜூன் 8, ஞாயிறு

கேள்வி கேட்காமல் பேசிப் பழகலாம் என்று கண்ணாடி முன்னால் நின்றேன். என்னைப் பார்த்து நானே "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் இருந்தால் நல்லது. எழுதுகிறேன்.

அக்காவுக்கு அடுத்த மாதம் மறுபடி டெஸ்ட். போய்ப் போய்த் திரும்பி வந்த டெஸ்ட். ஒவ்வொரு தடவையும் ஒரே வளைவில்தான் தோற்கிறார். அந்த வளைவு மகளின் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. ஆனால் டெஸ்ட் எடுக்கிற பாதை அது. அக்காவை அங்கே பழக்காமல் வேறு எங்கே பழக்க?

சரி. பாதை அதுதான். ஆனால் பள்ளி விடுகிற நேரத்திலா?

அக்கா கடையை விட்டு வருகிற நேரம் அது.

பொய் சொல்லாதே.

முழுப் பொய் இல்லை. பாதி.

என் வண்டி ஒளிந்துகொள்கிற வண்டியா? தலையில் மஞ்சள் பலகை, முன்னாலும் பின்னாலும் சிவப்பு எழுத்து, கதவில் முதலாளியின் போன் நம்பர். இதில் அக்கா, பள்ளி வாசலுக்கு நேர் எதிரே வண்டியை அணைத்துவிட்டார். கிளப்பினார், அணைந்தது. கிளப்பினார், அணைந்தது. வாசலில் நின்ற பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். பார்த்தாள். சட்டென்று பக்கத்திலிருந்த பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எதிர்ப்பக்கம் அவளைக் கூட்டிப்போக வந்திருந்த மச்சான், போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்ச பொண்ணா மாஸ்டர்?" என்று அக்கா கேட்டார்.

"கண்ணாடியைப் பாருங்க" என்றேன்.

ஜூன் 14, சனி

உட்காருவதற்கு முன்பே கேட்டாள்: "நீங்க என்னை வேவு பார்க்க வந்தீங்களா?"

வேவு. அந்தச் சொல் அவள் மேல் பெரியவர்களின் சட்டை மாதிரி தொங்கியது. கை நீளம், தோள் அகலம். யாருடைய சட்டை என்று எனக்குத் தெரியும்.

"இல்லம்மா. அந்த அக்காவுக்கு அங்கதான் டெஸ்ட். வண்டி ஓட்ட..."

"எல்லாரும் சிரிச்சாங்க. உன் அப்பா ஓட்டுற வண்டியா, அது ஸ்டார்ட்டே ஆகாதான்னு கேட்டாங்க. அம்மா ராத்திரி சாப்பிடல. அழுதாங்க. உங்களாலதான்."

நான் ஓட்டவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாழ்க்கை வரலாறே அதுதானே! நல்லவேளை, சொல்லவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முகத்தைப் பார்த்தால் அவள் கீழே பார்க்கிறாள். நான் கீழே பார்த்தால் அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். "ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து வலிக்காதா?" என்று கேட்டுப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மறுபடி கேள்வி கேட்டுவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவளுடைய அம்மாவுக்கு இவள் காவல் நிற்கிறாள். அதுதான் விஷயம். அம்மா அழாமல் இருக்க வேண்டுமென்றால் அப்பா கெட்டவனாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இது என்ன உத்தியோகம்?

ஜூன் 17, செவ்வாய்

அக்கா இன்று முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டினார். வீட்டுக்காரர் தன்னைப் பார்த்து, "உனக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தா நான் வெளியவே போக மாட்டேன்" என்று சொன்னதை, அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததை, எல்லாம் சொன்னார். பேசுகிற நேரத்தில் வளைவைக் கச்சிதமாகத் திருப்பியதை அவரே கவனிக்கவில்லை.

"ஏன் மாஸ்டர், என் தங்கச்சிகிட்டகூட சொல்லாததை எல்லாம் உங்ககிட்ட சொல்றேன்?"

"என் ராசி அப்படி."

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்ல பாருங்க. ரோட்டைப் பார்த்துக்கிட்டே உளறிடலாம்."

என் மூஞ்சிக்கு இப்படி ஒரு பெருமை. சிரித்துவிட்டு இறங்கினேன். சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போதுதான் கை நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள்! எதிரில் உட்கார்ந்து ஒருவர்கூட இல்லை.

ஜூன் 21, சனி

கவுன்சலரிடம் கேட்டேன்: மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலி இரண்டையும் ஜன்னலைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் போடலாமா என்று. "தாராளமா. ஆனா அவ முகம் எனக்குத் தெரியணும்" என்று தன் நாற்காலியை ஜன்னல் மூலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

வலது நாற்காலியில் நான். இடது அவளுக்கு. வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"என்ன இது?"

"கார்."

"நாற்காலி."

"சரி, நாற்காலி."

உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் நிறுத்துகிற இடம். ஒருவர் பெரிய வேனைப் பின்னால் எடுத்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகிறார், வெளியே வருகிறார், இறங்கிப் பார்க்கிறார், மறுபடி ஏறுகிறார். எனக்குக் கால் துடிக்கிறது. கண்ணை எடுக்காமல் பார்த்தோம், இரண்டு பேரும். கடைசியில் அவர் வேனைக் குறுக்காக விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார்.

"அவருக்கு அவர் மேலேயே வெறுப்பு வந்துடுச்சு" என்றாள்.

சிரித்தேன். அவளும் கொஞ்சம். அதற்கப்புறம் தானாக வந்தது. சிநேகிதியோடு சண்டை. அறிவியல் டீச்சர் நடக்கிறபோது வருகிற செருப்புச் சத்தம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சரிவு. "மாமா வாங்கிக் குடுத்த சைக்கிள்ல அதுல இறங்கினா, காது அடைச்சுடும்."

என் கால் தரையை ஓங்கி மிதித்தது. பிரேக் இருந்திருந்தால் அறையே நின்றிருக்கும்.

மாமா வாங்கிக் கொடுத்த சைக்கிள். நீல நிறம். அவள் பிறந்தநாளுக்கு நான் வாங்கினது. கடைக்காரர் "சின்னப் பொண்ணு சைக்கிளுக்கு எதுக்கு சார் கண்ணாடி?" என்று சிரித்தும் கேட்காமல், கைப்பிடியில் வட்டமாக ஒரு கண்ணாடியை நானே பொருத்தினேன். ஆடக் கூடாது என்று நட்டு மேல் நட்டு போட்டு இறுக்கினேன். அவர்கள் வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு போனேன். மச்சான் கேட்டைப் பாதி திறந்து, "தூங்கறா. நான் குடுத்துடறேன்" என்று வாங்கிக்கொண்டான். கொடுக்கத்தான் செய்தான். வாங்கியவன் யார் என்பதை மட்டும் மாற்றிவிட்டான். நான் அந்தப் பிறந்தநாளை மறந்தே போய்விட்டேன் என்றுதான் அவள் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தடவைக்கு அப்புறம்தான் வீட்டுப் பக்கமும் வரக் கூடாது என்று ஆனது.

நாக்கு நுனி வரை வந்தது. கவுன்சலர் என்னைப் பார்த்தார். முதல் நாளே சொல்லியிருக்கிறார்: "உண்மையாவே இருக்கட்டும். ஆனா அதைச் சுமந்துக்கிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப்போறது அவதான்."

"காது அடைக்கும்தான்" என்றேன்.

பன்னிரண்டு அடித்தபோது அவள்தான் திடுக்கிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

மச்சான் வாங்கிக் கொடுத்தானாம்! மச்சான்! காத்துப் போன டயருக்குக் காசு குடுக்க யோசிக்கிறவன்! நானே போய்க் கேட்டா என்னடா பண்ணுவ? கேட்டை முழுசா திறந்து பேசுடா பார்ப்போம்!

(அரை மணி நேரம் கழித்து) எங்கேயும் போகவில்லை. வண்டி கழுவினேன். கழுவின வண்டியை மறுபடி கழுவினேன்.

ஜூன் 28, சனி

என் வாயைத் தைக்க வேண்டும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வந்ததும் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தாள். சரிவில் வேகமாக இறங்கியபோது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துப் பயமுறுத்தியது என்று சொன்னாள். பதறிவிட்டேன். பதறினால் எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்.

"கண்ணாடியைப் பார்க்க வேணாமா? எதுக்கு அதை மாட்டியிருக்கு?"

அவள் திரும்பினாள். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"என் சைக்கிள்ல கண்ணாடி இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

கவுன்சலரின் பேனா நின்றுவிட்டது.

"பொதுவா சொன்னேன். எல்லா வண்டிக்கும் கண்ணாடி..."

"யாரு சைக்கிள்லயும் கிடையாது. எங்க ஸ்கூல்லயே என் சைக்கிள்லதான் இருக்கு. எல்லாரும் கிண்டல் பண்றாங்க."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"மாமா கார் ஓட்டும்போதுகூடக் கண்ணாடியைப் பார்க்க மாட்டாரு" என்றாள். மெதுவாக, தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். எதையோ கேட்கப்போகிறாள் என்று எழுந்தேன். போய்விட்டாள்.

தெரியாமல்தான் வந்தது. சத்தியமாக. இல்லை, உள்ளே எங்கோ ஒருத்தன் ஒரு வாரமாக அந்த வார்த்தையைத் தள்ளிக்கொண்டே இருந்தானா? தெரியவில்லை. பழக்கமா, வன்மமா? இரண்டும் ஒரே வாயில்தானே இருக்கிறது.

ஜூலை 2, புதன்

வக்கீல் கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து புது மனு. சந்திப்பையே நிறுத்த வேண்டுமாம். பள்ளி வாசலில் என் வண்டி நிற்கிற படம். மஞ்சள் பலகை பளிச்சென்று விழுந்திருக்கிறதாம். அதோடு, பிள்ளையின் மனதில் தாய்வீட்டார் மேல் சந்தேகத்தை உண்டாக்குகிறேன் என்று ஒரு பத்தி. சைக்கிள் யார் வாங்கினது என்று அவள் வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டாள்!

"பத்தாம் தேதி ஜட்ஜ் பிள்ளைகிட்ட தனியா பேசுவாரு. வேணாம்னு அவ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்றார். "அந்த சைக்கிள் கடைக்காரரை சாட்சிக்குக் கூப்பிடுவோம். ஒரே அடியில அவங்க பொய் உடைஞ்சிடும்."

"வேணாம் சார்."

"ஏன்?"

"உடையறது அவ இருக்கிற வீடு."

"இப்படியே பேசுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

ஜூலை 5, சனி

வரவில்லை. நாற்காலிகளைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு வரை வேன்களைப் பார்த்தேன். இன்று எல்லோரும் ஒழுங்காக நிறுத்தினார்கள்.

ஜூலை 10, வியாழன்

ஜட்ஜ் அறைக்குள் அவள் தனியாகப் போனாள். வெளியே நீள பெஞ்சில் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவளுடைய அம்மா. கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை. சீருடையோடு வந்திருந்தாள். பாதி நாள் லீவாக இருக்கும். மச்சான் போன் பேச வெளியே போயிருந்தான். எதிர்ச்சுவரில் தீயணைப்புக் கருவி ஒன்று தொங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சைக்கிள் நீங்க வாங்கினதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "அண்ணன், தான் வாங்கினதா சொன்னாரு. நான் இல்லன்னு சொல்லல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"நீங்க கெட்டவர்னு நான் ஒரு நாளும் அவகிட்ட சொன்னதில்ல."

"சொல்ல வேணாமே. நீ அழுதா போதும். மிச்சத்தை அவளே புரிஞ்சுக்குவா."

"அப்ப நான் அழக்கூடக் கூடாதா?"

வாயில் ஒரு ஜோக்தான் வந்தது. தீயணைப்புக் கருவியைக் காட்டி எதையோ சொல்லப் போனேன்.

"இதோ. ஆரம்பிச்சுட்டீங்க" என்றாள். "எல்லாத்தையும் சிரிச்சுத் தட்டிவிட்டுட்டுப் போயிடுவீங்க. அப்புறம் வீட்டுல யாராவது ஒருத்தர் உட்கார்ந்து அழுதுதானே ஆகணும்?"

தீயணைப்புக் கருவியையே பார்த்தேன். இத்தனை வருஷத்தில் இதை அவள் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எங்களைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வர்றேன்னும் சொல்லல, வர மாட்டேன்னும் சொல்லல. யோசிக்கணும்கறா. பிள்ளை நிறைய யோசிக்குது" என்றார். என் வக்கீல் எழுந்து, உத்தரவை மீறினால் அம்மா மேல் நடவடிக்கை வேண்டும், போலீஸ் வைத்தாவது அழைத்துவர வேண்டும் என்று ஆரம்பித்தார். ஜட்ஜ் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

போலீஸ் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறுவது கண்முன் வந்தது.

"கட்டாயம் வேணாங்க. அறையை மட்டும் பூட்டாம வச்சிருங்க. நான் வந்து உட்கார்ந்திருப்பேன்."

அப்படியே உத்தரவு. சனிக்கிழமை அறை திறந்திருக்கும். யாரும் இழுத்துவரக் கூடாது, யாரும் தடுக்கக் கூடாது. வருவதென்றால் அம்மாதான் கூட்டிவர வேண்டும், மாமா இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் என் வண்டியைக் கண்டால் எல்லாமே ரத்து. மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு.

படியில் இறங்கும்போது வக்கீல் சொன்னார்: "கையில இருந்த ஒரே பிடியையும் விட்டுட்டீங்க."

ஜூலை 12, சனி

வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

தப்புப் பண்ணிட்டேனோ? வக்கீல் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ? அழுதுகிட்டாவது வந்திருப்பா. வந்து முறைச்சுக்கிட்டாவது உட்கார்ந்திருப்பா. முறைக்கிற மூஞ்சியையாவது பார்த்திருப்பேன். பெரிய தியாகி இவரு! கட்டாயம் வேணாங்களாம்!

பாடம் எடுக்கும்போது இன்று சும்மா சும்மா பிரேக்கை மிதித்தேன். ஒரு கல்லூரிப் பையன் கேட்டே விட்டான்: "சார், நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?"

ஜூலை 19, சனி

வரவில்லை. அறையைத் துடைக்கிற அம்மா வந்து, "மேஜையைப் பழைய இடத்துலயே போட்டுடட்டா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்மா."

"யாரும் வரலையே சார்."

"அதனாலதான் இருக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

ஜூலை 23, புதன்

முதலாளி சொன்னார், சனிக்கிழமை காலை அக்காவின் டெஸ்டுக்கு நான்தான் போக வேண்டுமாம். மற்ற மாஸ்டருக்குக் காய்ச்சல். பாதை பள்ளிக்கூடத்து வழி. ஆனால் சனிக்கிழமை பள்ளி இல்லை. அதோடு டெஸ்டின்போது வண்டியில் அதிகாரிதான் உட்காருவார், நான் லைசென்ஸ் அலுவலக வாசலிலேயே நிற்கலாம். கவுன்சலரிடம் கேட்டேன். தப்பில்லை என்றார். ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். முடிய வேண்டும்.

ஜூலை 26, சனி

ஒன்பதரைக்கு முடியவில்லை. வரிசை நகரவே இல்லை. பத்து ஆயிற்று. பத்தே கால். அக்கா ஓட்டிப்போன வண்டி திரும்பவில்லை. என் வலது கால் அலுவலக வாசல் தரையை மிதித்து மிதித்து ஓய்ந்துவிட்டது. போனாலும் அங்கே யார் இருக்கப்போகிறார்கள், ஒரு மணி நேரம் தாமதமானால் நாற்காலியா கோபித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இத்தனை மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூட நான் தாமதமாகப் போனதில்லை.

வண்டி வந்தது. அக்கா இறங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"பாஸ் மாஸ்டர்."

"வளைவு?"

"வளைவு வந்ததே தெரியல. அந்த ஆபீசர்கிட்ட எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லிட்டே போயிட்டேன்."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. நாளைக்குக் கடைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்து மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். தனியாக. மடியில் பை. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"மேல இருக்கா" என்றாள், பையைப் பார்த்தபடி. "பத்து மணிக்கே வந்தாச்சு. லேட்டா வந்துட்டு இங்க நிக்காதீங்க. போங்க."

ஏதோ சொல்ல வந்தேன். ஜோக் இல்லை, வேறு ஏதோ. வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியேறினேன்.

கதவு திறந்திருந்தது. மேஜை சுவரோரம் கிடந்தது. நாற்காலி இரண்டும் ஜன்னலைப் பார்த்து இருந்தன. கவுன்சலர் மூலையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. வலது பக்க நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நான் போய் இடது பக்கம் உட்கார்ந்தேன். தினமும் உட்காருகிற பக்கம்.

"லேட்டு" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஒருத்தங்க டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டாங்க. அதான்."

"அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல வண்டியை அணைச்சு அணைச்சு..."

"அவங்கதான்."

"அவங்களுக்கே லைசென்ஸா?" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அப்புறம் கொஞ்ச நேரம் கீழே வண்டிகளைப் பார்த்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை.

"அந்தக் கண்ணாடியைக் கழட்டிப் போட்டுடலாம்னு பார்த்தேன்" என்றாள். "வரவே இல்ல. எதுக்கு அவ்வளவு இறுக்கமா மாட்டியிருக்கு?"

மாமாவைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கெப்படித் தெரியும் என்றும் சொல்லியிருக்கலாம்.

"நட்டு மேல நட்டு போட்டிருக்கு" என்றேன். "ஆடக் கூடாதுன்னு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு எதையும் கேட்கவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தே மெதுவாகத் தலையாட்டினாள், ரொம்ப நாளாகப் போட்டுவைத்த கணக்குக்கு விடை சரியாக வந்த மாதிரி.

"கழட்டணும்னா முதல்ல வெளி நட்டு. பத்தாம் நம்பர் ஸ்பேனர்."

"கழட்ட வேணாம். கீழ பார்க்குது. என் முட்டிதான் தெரியுது. கொஞ்சம் மேல திருப்பணும்."

"சைக்கிளைக் கொண்டு வா, நான்..."

கால் தரையைத் தொட்டுவிட்டது. பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நீயே திருப்பிக்கலாம்" என்றேன். "கஷ்டமில்ல."

முன்னால் இல்லாத ஒரு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படின்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன்.